வன்னிச் சமதரையிலிருந்து அல்ப்ஸ் மலை ஏரிக்கு: மூன்று மாதத்தில கால் தயாராகுமா?

குளக்கட்டு கேட்டது:

வணக்கம் உறவுகளே. ஓகஸ்ட் நடுப்பகுதியில சுவிஸ் போறன். பேர்னில இருக்கிற மருமகன் ஒரு நாள் நடைக்குத் திட்டம் போட்டு வைச்சிருக்கிறார். கண்டர்ஷ்டேக் ரயில் நிலையத்தில இறங்கி, ஓஷினென்சே ஏரிக்கு நடந்தே ஏறி, ஏரிக்கு மேல ஹொய்பெர்க், ஓபர்பெர்க்லி எண்டு போற சுற்றுப்பாதையையும் முடிச்சு, திரும்ப நடந்தே ஊருக்கு இறங்கிறதாம். "மாமா, பாதை நல்ல பாதை, பயப்பிடாதேங்கோ" எண்டு சொல்லுறார். அவருக்கு 26 வயசு.

என்ர விபரம்: வயது 48. கிளிநொச்சிப் பக்கம், வயல் வேலை. நாளுக்கு 10, 12 கிலோமீற்றர் சைக்கிள் ஓடுவன். சீனி வருத்தத்துக்கு மெற்போமின் போடுறன், பிரஷர் இல்லை. இதுவரைக்கும் ஏறின ஆகப்பெரிய மலை குளக்கட்டுத்தான், சிரிக்காதேங்கோ.

அந்த உயரத்தில மூச்சுத் திணறுமா? இஞ்ச சமதரையில இருந்துகொண்டு மூண்டு மாதத்தில என்ன பயிற்சி செய்யலாம்? சப்பாத்து இஞ்ச வாங்கிறதா அங்க வாங்கிறதா? பாதையைத் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. "கவனமாப் போங்கோ" எண்ட பதில் வேண்டாம், கணக்கோட வேணும்.

ஆரேக்கரை:

கணக்கோடு கேட்டதால் கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

கண்டர்ஷ்டேக் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1176 மீற்றர். ஏரி 1578. கேபிள் காரின் மேல் நிலையம் 1682. ஹொய்பெர்க் 1940. ஓபர்பெர்க்லி 1973. இனி நம்முடைய நாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கோ. நுவரெலியா நகரம் 1868 மீற்றர், அதாவது ஏரியை விட உயரம். சிவனொளிபாதமலை உச்சி 2243 மீற்றர், நீங்கள் போகப்போற பாதையின் ஆக உயர்ந்த இடத்தை விடவும் உயரம். 2000 மீற்றரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதின் ஐந்தில் நாலு பங்கு. ஏறும்போது வழமையை விட இளைக்கும், அவ்வளவுதான். தலையிடி, வாந்தி என்று வரும் மலை நோய் பெரும்பாலும் 2500 மீற்றருக்கு மேலேதான் தொடங்கும். எனவே உயரத்தை மறந்துவிடுங்கோ. உங்களுடைய பிரச்சினை உயரம் இல்லை, இறக்கம்.

மருமகனின் திட்டத்தைக் கூட்டிப் பார்த்தால் ஏற்றம் 900 மீற்றருக்கு மேலே வரும், இறக்கமும் அவ்வளவே. ஊரிலிருந்து ஏரிவரை மட்டும் 400 மீற்றர் ஏற்றம், ஒன்றரை மணித்தியாலம். சுற்றுப்பாதை, நடையின் வேகத்தைப் பொறுத்து, மூன்றரையிலிருந்து நாலரை மணித்தியாலம். பிறகு ஏரியிலிருந்து ஊருக்கு இறக்கம். ஓய்வு, சாப்பாடு, படம் எடுக்கிறது எல்லாம் சேர்த்தால் ஒன்பது மணித்தியாலம். 26 வயதுக்கு அது நல்ல ஒரு நாள். முதல் முறை மலை ஏறும் 48 வயது முழங்காலுக்கு ஏழாவது மணித்தியாலத்தில்தான் கதை தொடங்கும், அப்போது இன்னும் 400 மீற்றர் இறக்கம் மிச்சம் இருக்கும்.

என்னுடைய ஆலோசனை: ஏறுவதற்குக் காசு கொடுக்காதேங்கோ, இறங்குவதற்குக் கொடுங்கோ. காலையில் கால் புதிது, நடந்து ஏறுங்கோ. சுற்றுப்பாதை முடிந்ததும் கேபிள் காரில் இறங்குங்கோ. அப்படிச் செய்தால் கடைசி 500 மீற்றர் இறக்கம் முழுவதும் கழிந்துவிடும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கோ: கேபிள் கார் நிலையம் ஏரிக்கரையில் இல்லை, ஏரியிலிருந்து 100 மீற்றர் மேலே இருக்கிறது. "இறங்கியாச்சு, முடிஞ்சுது" என்று ஏரிக்கரையில் சப்பாத்தைக் கழற்றிப் போட்டு இருந்தால், பிறகு அந்த 100 மீற்றர் ஏற்றமும் அரை மணித்தியாலமும் ஆளைக் கொல்லும். கடைசிப் பெட்டி எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கீழ் நிலையத்துப் பலகையில் பார்த்துப் போனில் படம் எடுத்து வையுங்கோ. அதைத் தவறவிட்டால் இருட்டுக்குள் நடைதான்.

நேரம். ஏழரைக்கு முன்னர் கண்டர்ஷ்டேக்கில் நிற்கவேண்டும். ஒன்பதரைக்கு ஏரியடி அல்லது கேபிள் காரின் மேல் நிலையத்தடி, பதினொன்றுக்கு ஹொய்பெர்க், பன்னிரண்டரைக்கு ஓபர்பெர்க்லி. பன்னிரண்டுக்கும் ஹொய்பெர்க் வரவில்லை என்றால் சுற்றை விட்டுவிட்டு வந்த வழியே திரும்புங்கோ. இதை முதல் நாளே மருமகனோடு பேசி முடிவெடுங்கோ, மலையில் வைத்துப் பேசினால் இளசுதான் வெல்லும். ஏன் இவ்வளவு கண்டிப்பு? கோடையில் அங்கே காலை வானம் கண்ணாடி மாதிரி இருக்கும். வெயில் ஏற ஏற முகில் திரண்டு, பின்னேரம் இரண்டு, மூன்று மணிக்கு இடி விழும். வன்னியில் ஐப்பசி மாதப் பின்னேர இடிமழை வரும் முறைதான், ஆனால் இங்கே நீங்கள் நிற்பது முகிலுக்குக் கிட்ட, ஒதுங்க ஒரு கொட்டில்கூட இல்லாத புல்வெளியில். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் மூன்று செக்கன் என்றால் ஒரு கிலோமீற்றர். பத்து செக்கனுக்குள் கேட்டால் உடனே திறந்த முகட்டை விட்டு இறங்கவேண்டும், தனி மரத்தடியில் நிற்கக்கூடாது.

வழிப்பலகையைப் பற்றி. மஞ்சள் பலகை மட்டும் என்றால் சாதாரண நடைபாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு மலைப்பாதை, ஏரிக்கு மேலே உள்ள சுற்று இந்த வகை. வெள்ளை-நீலம்-வெள்ளை கண்டால் அது கயிறும் கைப்பிடியும் தெரிந்தவர்களுடைய பாதை, அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம். பலகையில் எழுதியிருக்கும் நேரம் ஓய்வு இல்லாத நேரம். அதோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கோ. "இரண்டு மணி" என்றால் உங்களுக்கு மூன்று.

ஹொய்பெர்க்கிலிருந்து ஓபர்பெர்க்லிவரை பாதை மலைச்சரிவை வெட்டிக்கொண்டு போகும். ஒரு பக்கம் சுவர் மாதிரி மலை, மறுபக்கம் நேராக ஏரி. பாதையின் அகலம் போதும், ஆனால் உயரத்தில் தலைச்சுற்றும் ஆள் என்றால் அங்கே போய்த் தெரிந்துகொள்வது நல்லதல்ல. தண்ணீர்த் தாங்கியின் இரும்பு ஏணியில் ஏறிக் கீழே பார்க்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கோ. ஓபர்பெர்க்லியிலிருந்து உண்டர்பெர்க்லிக்கு 200 மீற்றர் இறக்கம் கல்லும் செங்குத்தும். நாளின் கடினமான பகுதி அதுதான்.

இன்னொன்று: ஏரிக்குத் தெற்கே மேலே ஷ்பிட்சே ஷ்டை என்ற மலைத்தலை இருக்கிறது. உள்ளே உறைந்திருந்த நிலம் இளகுவதால் அது அசைந்துகொண்டிருக்கிறது, கல் உருள்கிறது. அந்தப் பக்கத்துப் பாதைகளை மூடி வைத்திருக்கிறார்கள், எது எப்போது மூடியிருக்கும் என்பது மாறும். ஊரிலிருந்து ஏரிக்கு ஏறும் வழியையும் இதற்காகப் பார்த்துக்கொள்ளவேண்டும். சுவிஸ்ரோப்போ என்ற சுவிஸ் வரைபடச் செயலியில் மூடிய பாதைகள் சிவப்பில் தெரியும். முதல் நாள் இரவு பார்ப்பது மருமகனின் வேலை.

ரயில் ரிக்கற் விடயத்திலும் ஒரு பொறி இருக்கிறது. முன்கூட்டியே வாங்கினால் மலிவான நாள் ரிக்கற் கிடைக்கும், ஆனால் அது குறித்த நாளுக்குத்தான். காசு போய்விடும் என்பதற்காகக் கெட்ட வானிலையில் மலை ஏறுகிறவர்கள் நிறைய. மூன்று நாள்களை ஒதுக்கி வைத்து, வானிலையைப் பார்த்து, முதல் நாள் மாலையில் வாங்குங்கோ.

படிமுறை:

பாதை பற்றி மேலே உள்ளவர் சொல்லிப்போட்டார், நான் காலைப் பற்றிச் சொல்லுறன். வவுனியாப் பக்கம் இருக்கிற ஆள்களுக்கு இதே பயிற்சிதான் குடுக்கிறனான்.

அண்ணை, உங்கட சைக்கிளை நம்பாதேங்கோ. மூச்சுக்கும் இதயத்துக்கும் சைக்கிள் நல்லதுதான், ஏற்றத்துக்கு உதவும். ஆனால் சைக்கிளில தொடைத் தசை சுருங்கி மட்டும்தான் வேலை செய்யும். மலை இறங்கேக்க அதே தசை நீண்டுகொண்டு பாரத்தைப் பிடிச்சு நிறுத்தவேணும். ஒவ்வொரு அடியும் ஒரு பிரேக். அந்த வேலையைச் சைக்கிளும் செய்யாது, வயல் வேலையும் செய்யாது, வரம்பில நடக்கிறதும் செய்யாது. பழக்கமில்லாத தசை அதைச் செய்தால் அண்டைக்குத் தொடை நடுங்கும், அடுத்த இரண்டு மூண்டு நாளைக்குக் கக்கூசில இருந்து எழும்பேலாது. நல்ல விசயம் என்னண்டால், ஒருக்கா அளவோட அந்த வேலையைக் குடுத்தால் தசை கன கிழமைக்கு அதை ஞாபகம் வைச்சிருக்கும். அதால பயிற்சி முழுக்க இறங்கிறதைப் பற்றினது.

வீட்டில: எட்டு அங்குல உயரப் படி ஒண்டு. அதில ஒரு காலில நிண்டு, மற்றக் காலின் குதி நிலத்தைத் தொடும்வரைக்கும் மெதுவா மடங்கிறது. ஒண்டு, இரண்டு, மூண்டு எண்டு எண்ணவேணும், விழக்கூடாது. முழங்கால் அந்தக் காலின் இரண்டாவது விரலுக்கு நேரே போகவேணும், உள்ளுக்குச் சரிஞ்சால் பிழை. ஒரு காலுக்கு பத்து, மூண்டு தடவை, கிழமைக்கு மூண்டு நாள். முதல் கிழமை ஐஞ்சோட நிறுத்துங்கோ, உற்சாகத்தில முப்பது செய்து நோகப் பண்ணி விட்டுப்போட்டு இருக்கிற ஆள்கள்தான் கூட.

வெளியில: குளக்கட்டு இருக்குத்தானே, அதைவிட நல்ல பயிற்சி இடம் வன்னியில இல்லை. கட்டில போற நடை இல்லை, கட்டை ஏறி இறங்கிறது. வெளிப்பக்கத்துப் படிக்கட்டையோ சாய்பாதையையோ பாவியுங்கோ. தண்ணிப்பக்கம், துருசடிப் படியெல்லாம் பாசி, முதலையும் இருக்கும். உயரத்தைப் படியை எண்ணிக் கணக்குப் பாக்கலாம்: ஏழு அங்குலப் படி 40 எண்டால் 7 மீற்றர். 7 மீற்றர்க் கட்டில 400 மீற்றர் இறக்கம் வேணுமெண்டால் 57 தடவை. கேக்கப் பைத்தியக்கார வேலை மாதிரித்தான் இருக்கும், ஒண்டே கால் மணித்தியாலத்தில முடிஞ்சிடும். கட்டு கிட்ட இல்லாட்டி இரண்டு மாடிக் கட்டடம் ஒண்டின் படிக்கட்டு அதே கணக்குத்தான்.

முதல் மூண்டு கிழமை: நாலு நாள் வேகநடை 45 நிமிசம், ஒரு நாள் கட்டில 100 மீற்றர் ஏறி இறங்கிறது. நாலாம் கிழமையில இருந்து ஒவ்வொரு கிழமையும் 50 மீற்றர் கூட்டுங்கோ. எட்டாம் கிழமையில முதுகுப்பையும் சேரும், முதல் இரண்டு லீற்றர் தண்ணி, பிறகு நாலு, ஆகக்கூடினது ஐஞ்சு. பதினோராம் கிழமையில 500 மீற்றர் ஒருக்கா செய்து போட்டியள் எண்டால் ஆரேக்கரை சொன்ன திட்டத்துக்கு நீங்கள் ரெடி. கடைசிக் கிழமை பாதிதான், போற கிழமை ஒண்டும் வேண்டாம். முழங்காலின் முன்பக்கம் குத்தினால் அந்தக் கிழமை கூட்டக்கூடாது. வீங்கினால் நிறுத்திப்போட்டு டொக்டரிட்டக் காட்டுங்கோ.

வைகாசி தொடங்கி ஆவணி மட்டும் இஞ்ச வெக்கையும் சோளகமும். காலமை ஐஞ்சரைக்குத் தொடங்கி ஏழுக்கு முடியுங்கோ. யானை நடமாடுற குளம் எண்டால் பொழுது நல்லா வெளிச்ச பிறகுதான், ஊர்ச்சனத்திட்டக் கேட்டுப்போட்டுப் போங்கோ. குறுக்குவழி எண்டு காட்டுக்குள்ள இறங்கவேண்டாம், மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இன்னும் நிக்கிற இடங்கள் இருக்கு.

உண்மையான படி ஒருக்காவாவது ஏறிப் பாக்கவேணும் எண்டால் மிகிந்தலை. ஏ9 வீதியால நேர போகலாம், 1840 கல்படி. விடிய ஆறு மணிக்கு ஏறத் தொடங்குங்கோ, பிறகு கல் சுடும், மேல சப்பாத்துக் கழட்டவேண்டி வரும். சிவனொளிபாதமலைதான் இந்த நடைக்குச் சரியான ஒத்திகை, நல்லதண்ணிப் பக்கத்தால ஏறத்தாழ 1000 மீற்றர் ஏற்றம், ஐயாயிரத்துக்கு மேல படி. ஆனால் அதின் காலம் மார்கழிப் போயாவில இருந்து வெசாக் மட்டும். இப்ப போனால் மழை, அட்டை, வழியில லைற்றும் இல்லை, தேத்தண்ணிக் கடையும் இல்லை. விட்டுடுங்கோ.

சீனி வருத்தம்: மெற்போமின் மட்டும் எண்டால் நடையில சீனி ஆகக் குறையிறது அரிது. கிளினிக்கில வேற குளிசையும் தந்திருந்தால், முக்கியமா கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் மாதிரி, அல்லது இன்சுலின் எண்டால், ஒன்பது மணித்தியால நடை எண்டு டொக்டரிட்டச் சொல்லி அந்த நாளுக்கு அளவு மாத்தவேணுமோ எண்டு கேளுங்கோ. தானா மாத்தக்கூடாது. கையில குளுக்கோஸ் பக்கற் ஒண்டு, கைக்கெட்டின சேட்டுப் பொக்கற்றில, பைக்குள்ள அடியில இல்லை. திடீரெண்டு வியர்த்து, கை நடுங்கி, கோவம் வந்தால் சீனியாத்தான் இருக்கும், இருந்து குடிச்சுப்போட்டுப் பதினைஞ்சு நிமிசம் பாருங்கோ. காலடித் தோலையும் ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் பாருங்கோ, உணர்ச்சி குறைஞ்ச காலில கொப்புளம் வந்தது தெரியாது.

சப்பாத்து இஞ்ச வாங்குங்கோ. சுவிஸில வகை கூடத்தான், ஆனால் புதுச் சப்பாத்தோட மலைக்குப் போறது பிழை. குறைஞ்சது ஆறு கிழமை அதே சப்பாத்தில கட்டு ஏறியிருக்கவேணும். அடி ஆழமான பல்லுள்ள ரப்பராயும், நடுவில மடிக்கேக்க முன்கால் மட்டும் மடியிறதாயும் இருக்கவேணும். பின்னேரம் போய் வாங்குங்கோ, கால் அப்ப கொஞ்சம் பெருத்திருக்கும். தடிச்ச மேசோட போட்டுப் பாத்து, கயிறு கட்டாமல் காலை முன்னுக்குத் தள்ளினால் குதிக்குப் பின்னால ஒரு விரல் போகவேணும். இறங்கேக்க கால் முன்னுக்கு வழுக்கும், இடமில்லாட்டி பெருவிரல் நகம் கறுத்துப்போகும். நகத்தை நாலு நாளுக்கு முன்னம் நேரா வெட்டுங்கோ, முதல் நாள் இரவில இல்லை.

ஓமந்தைச் சந்தி:

ஆரேக்கரையோட ஒரு இடத்தில ஒத்துப்போகமாட்டன். ஹொய்பெர்க்கால ஏறி ஓபர்பெர்க்லியால இறங்கச் சொல்லுறார். நான் எண்டால் மறுபக்கமாச் சுத்தச் சொல்லுவன். செங்குத்துக் கல்லுப் பகுதியை ஏறிக் கடக்கிறது இறங்கிக் கடக்கிறதை விட முழங்காலுக்கும் நல்லது, பயத்துக்கும் நல்லது. ஏறேக்க கல் கண்ணுக்கு முன்னால, இறங்கேக்க வெளி கண்ணுக்கு முன்னால. அதோட சுற்றின் கடைசி நேர கேபிள் கார் நிலையத்தில முடியும், ஏரிக்கரையில இருந்து மேல ஏறுற அந்த 100 மீற்றர் கூத்தும் இல்லை. ஏரியைக் காலமையே பாத்திடலாம், சனமும் குறைவு.

தடி இரண்டு கொண்டு போங்கோ. நீளம் கூட்டிக் குறைக்கிற வகை. சமதரையில முழங்கை நேர்கோணமா மடியிற உயரம், இறங்கேக்க ஐஞ்சு தொடக்கம் பத்து சென்ரிமீற்றர் நீட்டவேணும். விமானத்தில கைப்பையோட விடமாட்டினம், பெரிய பெட்டிக்குள்ள வையுங்கோ. பேர்னில ப்ரொக்கி எண்டு சொல்லுற பழைய சாமான் கடைகளில மலிவாக் கிடைக்கும், மருமகனுக்குத் தெரியும்.

ஆரேக்கரை:

மறுபக்கமாகச் சுற்றுவதில் நியாயம் இருக்கிறது, முழங்கால் மட்டும்தான் கணக்கு என்றால் நீங்கள் சொல்வதுதான் சரி. நான் யோசித்தது மழையை. ஓமந்தைச் சந்தி சொல்வது போலப் போனால் பின்னேர இடி நேரத்தில் ஹொய்பெர்க்கின் திறந்த சரிவில் நிற்பார்கள், என்னுடைய திசையில் அந்த நேரம் இறங்கி உண்டர்பெர்க்லிப் பக்கம் வந்திருப்பார்கள். வானிலை நாள் முழுக்க நல்லது என்று போட்டிருந்தால் மறுபக்கமாகவே சுற்றுங்கோ. பின்னேரம் இடிக்குறி போட்டிருந்தால் முதலில் ஹொய்பெர்க்.

உடுப்பில் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். ஒவ்வொரு 100 மீற்றருக்கும் வெப்பம் அரைப் பாகைக்கு மேல் குறையும். பேர்னில் 28 பாகை என்று சேட்டோடு வெளிக்கிட்டால் மேலே 18, 19. காற்றும் நனைந்த பனியனும் சேர்ந்தால் கிளிநொச்சி உடம்புக்கு நடுக்கம் வரும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் ஒரு கிலோ கூடும், அன்று முழுக்கக் காயாது. பருத்தி இல்லாத பனியன், ஒரு மாற்றுப் பனியன், கம்பளிச் சட்டை, தண்ணீர் புகாத மழைக்கோட்டு. குடை எடுத்து வரவேண்டாம். வெயில் குளிராகத்தான் இருக்கும், ஆனால் உயரம் 1000 மீற்றர் கூடினால் தோலைச் சுடும் கதிர் பத்து வீதமளவில் கூடும். கறுத்த தோலுக்கு ஒன்றும் ஆகாது என்பது பொய், மூக்கும் காதும் உரியும். தொப்பி போடுங்கோ.

சாப்பாடு: சோற்றுப் பார்சலை மேலே வைத்து வயிறு நிறையச் சாப்பிட்டால் அடுத்த ஏற்றத்தில் கண் சொருகும். மணித்தியாலத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக. ரொட்டி, வாழைப்பழம், கச்சான் அல்வா, பனங்கட்டித் துண்டு எல்லாம் நல்லது, பனங்கட்டி சீனி அளவு பார்த்து. தண்ணீர் இரண்டு லீற்றர், ஒன்றுக்குள் சிட்டிகை உப்பும் தேசிக்காயும். குளிரில் தாகம் தெரியாது, தாகம் வரட்டும் என்று காத்திருக்கவேண்டாம்.

மாடுகள். மணி கட்டின மாடுகள் பாதையில் படுத்திருக்கும். ஊர் மாடு மாதிரிக் கழுத்தைத் தடவப் போகாதேங்கோ. கன்று ஈன்றவை காவல் காப்பவை. கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகாமல் இருபது மீற்றர் சுற்றிப் போங்கோ. படலை திறந்தால் திரும்பப் பூட்டுங்கோ, கம்பி மின்சாரக் கம்பி.

அவசரம் என்றால் 1414 ரேகா மீட்பு ஹெலி, இலங்கை சிம் என்றால் 112. சிக்னல் இல்லாத இடத்தில் நிமிடத்துக்கு ஆறு விசில், ஒரு நிமிடம் நிறுத்தம், மறுபடி ஆறு. ஹெலி வந்தால் இரண்டு கையையும் மேலே விரித்தால் "வேணும்", ஒரு கை மேலே ஒரு கை கீழே என்றால் "வேண்டாம்". சும்மா கை காட்டி மகிழவேண்டாம். விசாவுக்கு எடுக்கும் பயணக் காப்புறுதி முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாமல் இருக்கும், ஆனால் மலையிலிருந்து தூக்கி எடுக்கும் செலவு அதற்குள் வருகிறதா என்று வாசித்துப் பாருங்கோ. இல்லையென்றால் பில் உங்கள் பேருக்குத்தான்.

குளக்கட்டு:

எல்லாருக்கும் நன்றி, அச்சடிச்சு எடுத்துப்போட்டன். இன்னும் இரண்டு கேள்வி. படத்தில ஏரித்தண்ணி நீலமா இருக்கு, குளிக்கலாமோ? மற்றது, மருமகனுக்கு வேலை வந்தால் நானே ரயிலில போய்ச் சேரவேண்டி வரும், கஷ்டமோ?

ஓமந்தைச் சந்தி:

குளிக்கலாம், சனம் குளிக்குது. ஆனால் குளத்தில பாயிறமாதிரிப் பாயாதேங்கோ. ப்ளூம்லிசால்ப் மலைப்பக்கத்துப் பனி உருகி வாற தண்ணி. திடீரெண்டு உடம்பு முழுக்கக் குளிர் பட்டால் மூச்சு தன்பாட்டில உள்ள இழுபடும், அந்த நேரம் தலை தண்ணிக்குள்ள எண்டால் முடிஞ்சுது. எவ்வளவு நல்ல நீச்சல்காரனுக்கும் இதுதான் நடக்கும். வியர்வை ஆறின பிறகு, இடுப்பளவில நிண்டு, மூச்சு சீராகினதும் ஒரு ஐஞ்சு நிமிசம். ஆழம் 56 மீற்றர், கரை கெதியில இறங்கும்.

அந்த ஏரியைப் பாக்கேக்க ஒரு விசயம் தேடிப்பாருங்கோ, குளம் கட்டின ஊர் ஆளுக்குப் பிடிக்கும். அதுக்குக் கட்டு ஆரும் கட்டேல்லை, மலை சரிஞ்சு விழுந்து பள்ளத்தாக்கை மறிச்சதுதான் கட்டு. வானும் இல்லை, துருசும் இல்லை, தண்ணி அந்தக் கல்லுக் குவியலுக்கு அடியால ஊறித்தான் வெளியில வருது. அதாலதான் நீர்மட்டம் காலத்துக்குக் காலம் கன மீற்றர் ஏறி இறங்கிறது.

ஆரேக்கரை:

ரயில்: பேர்னிலிருந்து ஷ்பீட்ஸ், ஃப்ரூட்டிகன் வழியாக நேரடி ரயில் இருக்கிறது, ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். தவறு நடக்கும் இடம் ஒன்றே ஒன்று. பிரீக் போகும் எல்லா ரயிலும் கண்டர்ஷ்டேக்கில் நிற்காது. 2007 இல் திறந்த 34.6 கிலோமீற்றர் லொட்ஷ்பெர்க் அடிச் சுரங்கத்தால் போகும் விரைவு ரயிலில் ஏறினால் நீங்கள் போகவேண்டிய மலைக்கு அடியாலேயே போய், மறுபக்கம் ஃபிஸ்ப்பில்தான் இறங்குவீர்கள். உங்களுக்கு வேண்டியது 1913 ஆம் ஆண்டுப் பழைய மலைப்பாதையால் போகும் ரயில், பலகையில் ஆர்ஈ என்று இருக்கும், நிறுத்தங்களில் கண்டர்ஷ்டேக் பேர் இருக்கிறதா என்று வாசித்துவிட்டு ஏறுங்கோ. ஷ்பீட்ஸில் பெட்டிகள் பிரிந்து வேறு வேறு ஊருக்குப் போகும் சேவையும் உண்டு, அதனால் ரயிலை மட்டும் இல்லை, நீங்கள் இருக்கும் பெட்டியின் பலகையையும் பாருங்கோ. நிலையத்திலிருந்து கேபிள் காரின் கீழ் நிலையத்துக்கு இருபது நிமிட நடை, மஞ்சள் பலகை வழி காட்டும். மருமகன் வரவில்லை என்றால் அன்று ஏரியோடு நின்றுவிட்டுத் திரும்புங்கோ, மேல் சுற்றுக்குத் தனியாகப் போகவேண்டாம்.